பாசல் எல்லையில் நின்ற சட்டம்

பாரிசிலிருந்து பாசல் வழியாகச் சூரிச் செல்லும் கடுகதி ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். திருமணம், செத்தவீடு, தேர்த் திருவிழா என்று அப்பாதையில் போய்வரும் ஈழத்தமிழர் பலர். பாரிசிலிருந்து பிரசல்சுக்குப் போகும்போது மாறாத கைத்தொலைபேசிக் கட்டணம், பாசலைத் தாண்டினால் மட்டும் பன்மடங்காகிவிடக் கூடும். கருவியும் அதேதான், சிம் அட்டையும் அதேதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது?

தொழில்நுட்பம் எல்லைகளைக் கருதாமலேயே பிறந்தது. ஒரு நாட்டுத் தொலைபேசி மறுநாட்டிலும் இயங்க வேண்டும் என்பதற்காகவே 1987 செப்டெம்பர் 7 அன்று 13 நாடுகளின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கொப்பன்ஹேகனில் ஜிஎஸ்எம் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1992இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரித்தானியாவின் வொடாபோனும் முதலாவது ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. அக்காலத்தில் அது வணிகப் பயணிகளுக்கான வசதி. நம்மவர்களோ லாச்சப்பல் கடைகளில் தொலைபேசி அட்டை வாங்கி, இலக்கங்களைச் சுரண்டி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரோமிங் கட்டணம் உயர்ந்ததற்குக் காரணம் கம்பியோ கோபுரமோ அல்ல. பயணி வெளிநாட்டில் பேசும்போது, அவருடைய சொந்த நிறுவனம் அந்த நாட்டு நிறுவனத்துக்கு மொத்த விலையில் பணம் செலுத்துகிறது. அதன்மேல் தன் இலாபத்தையும் சேர்த்துப் பயணியிடம் அறவிடுகிறது. அந்த மொத்த விலையைப் பேசித் தீர்மானிக்கும் மேசையில் பயணிக்கு இடமில்லை. வீட்டில் தொலைபேசித் திட்டம் வாங்கும்போது, வருடத்தில் ஒரு வாரம் போகும் வெளிநாட்டின் கட்டணத்தை யார் பார்க்கிறார்கள்? போட்டி விலையைக் குறைக்கும் என்ற சந்தைவிதி இங்கே பலிக்கவில்லை.

ஐரோப்பிய ஆணைக்குழு முதலில் போட்டிச் சட்டத்தையே கையிலெடுத்தது. 2001 ஜூலையில் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் நிறுவன அலுவலகங்களில் சோதனை நடத்தியது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டனவே தவிர விலை இறங்கவில்லை. பின்னர் லக்சம்பேர்க்கைச் சேர்ந்த ஆணையாளர் விவியான் ரெடிங் நேரடி விலைக்கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். அரை மணி நேரம் வாகனம் ஓட்டினால் வேறு நாடு வந்துவிடும் ஊர்க்காரர் அவர் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். 2007இல் வெளிச்செல்லும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சதம், உள்வரும் அழைப்புக்கு 24 சதம் என உச்சவரம்பு வந்தது. 2010இல், இணையப் பாவனை 50 யூரோவை எட்டியதும் இணைப்பை நிறுத்தும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இணையத்தின் சில்லறை விலைக்கு 2012இல்தான் வரம்பு விதிக்கப்பட்டது: ஒரு மெகாபைட்டுக்கு 70 சதம். இன்றைய கணக்கில் ஒரு சிறு காணொளிக்கே சில பத்து யூரோ! 2014இல் அது 20 சதமாக இறங்கியது. 2017 ஜூன் 15 முதல் மேலதிகக் கட்டணமே ஒழிந்தது. 2022இல் இச்சட்டம் 2032 வரை நீடிக்கப்பட்டது.

சுவிற்சர்லாந்து ஏன் வெளியே நிற்கிறது? 1992 டிசம்பர் 6 அன்று ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் சேர்வது பற்றி அங்கு வாக்கெடுப்பு நடந்தது. 50.3 வீதத்தினர் வேண்டாம் என்றனர். அன்று அங்கே அகதிகளாயிருந்த எம்மவருக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் அந்த முடிவின் ஒரு சிறு துண்டு இன்று அவர்களைப் பார்க்க வரும் உறவினரின் தொலைபேசிக் கட்டணத்தில் விழுகிறது. ஒன்றியத்தில் இல்லாவிடினும் வலயத்தில் சேர்ந்த நோர்வேயில் இச்சிக்கல் இல்லை. பிரித்தானியா 2020இல் ஒன்றியத்தை விட்டு விலகியது. 2022இல் ஈஈ, வொடாபோன், திறீ ஆகியவை புதிய வாடிக்கையாளரிடம் ஐரோப்பிய ரோமிங்குக்கு நாளொன்றுக்கு 2 பவுண் அளவில் அறவிடத் தொடங்கின.

ஒன்றியத்துக்குள்ளும் இது பயணிகளுக்கான சலுகையே. நான்கு மாத காலத்தில் பெரும்பகுதியை வேறு நாட்டில் கழித்து, பாவனையும் அங்கேயே கூடுதலாயிருந்தால் நிறுவனம் விளக்கம் கேட்கலாம், மேலதிகக் கட்டணமும் விதிக்கலாம். ஆகவே குடிபெயர்வோர் புதிய நாட்டின் இணைப்பை எடுப்பதே முறை. கப்பலிலும் விமானத்திலும் செய்மதி வழியாகக் கிடைக்கும் இணைப்புக்கு இந்த விலைவரம்பு பொருந்தாது.

சுவிஸுக்கோ இலங்கைக்கோ சில நாள் செல்வோருக்கு இப்போது இன்னொரு வழியுண்டு. இ-சிம் எனப்படும் மின்சிம்மை அட்டையின்றியே தொலைபேசியில் பதிந்துகொள்ளலாம். 2018இல் ஐபோனிலும் அது வந்தபின் பரவலாயிற்று. ஆனால் பயண இ-சிம்கள் பல இணையம் மட்டுமே தருவன. தொலைபேசி இலக்கம் தருவதில்லை. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் பழைய இலக்கத்துக்கே வரும். கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டைக் காட்டி டயலொக், மொபிட்டெல் சிம் வாங்குவோருக்கும் இதே நிலைதான். இரண்டு சிம் ஏற்கும் தொலைபேசியானால் பழைய சிம்மைக் கழற்ற வேண்டாம். விமானம் தரையிறங்குமுன் அதன் இணைய ரோமிங்கை மட்டும் நிறுத்திவைத்தால் போதும். வாட்ஸ்அப்பும் பழைய இலக்கத்திலேயே புதிய இணைப்பின் வழியாக இயங்கும்.