யார் குரல்? — விவேகானந்தர் பெயரால் உலவும் ஒலிப்பதிவு குறித்து

விழா தொடங்குமுன் அரங்கில் ஓர் ஆங்கில உரை ஒலிபரப்பப்படுகிறது. ஆண் குரல், நிறுத்தி நிதானமாகப் பேசும் குரல். கேட்போர் எழுந்து நிற்பர், சிலர் கைகூப்புவர். 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய உரை இதுவே என அறிவிக்கப்படும். குறுந்தகடுகளிலும் பின்னர் கைப்பேசிகளிலும் பல்லாயிரம் பேரைச் சென்றடைந்த ஒலிப்பதிவு இது. எனினும் இதில் பேசுபவர் பெயரில்லை, பதிவு செய்த நிறுவனத்தின் பெயரில்லை, ஆண்டில்லை, எண்ணுமில்லை. ஒரு மாமனிதரின் பெயர் மட்டும் அதன்மேல் ஒட்டப்பட்டுள்ளது.

அப்பெயர் தமிழகத்தாரின் செவியில் இத்துணை எளிதாகப் பற்றிக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சிகாகோப் பயணத்தின் வித்து பெரும்பாலும் இம்மண்ணிலேயே ஊன்றப்பட்டது. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் அவர்தம் நண்பர்களும் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி பேரவைக்குச் செல்லுமாறு துறவியைத் தூண்டியவர்களுள் முதன்மையானவர். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரம் 1985 வரை அவ்வூரின் பெயர் தாங்கிய மாவட்டத்துள் அடங்கியிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1897 சனவரியில் சுவாமிகள் பாம்பனில் வந்திறங்கியபோது, அவர் அமர்ந்த வண்டியை மன்னரே மற்றவர்களோடு சேர்ந்து இழுத்தார் என்பது வரலாறு. நான்காண்டுகளுக்குப்பின் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் தோன்றத் துணைநின்றவரும் அவரே. இத்தகைய உறவுடைய மக்கள் அக்குரலைக் கேட்க விழைதல் இயல்பே. விழைவு மிகுந்த இடத்தில் ஐயம் எழுவது அரிது.

ஐயுற்றவர்களிலும் சிலர் தவறான வாதத்தையே முன்வைத்தனர். அக்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியே இல்லை என்றனர். இது பிழை. எடிசன் 1877லேயே போனோகிராப்பை உருவாக்கிவிட்டார். அடுத்த பத்தாண்டின் இறுதிக்குள் மெழுகு உருளைகள் புழக்கத்திற்கு வந்துவிட்டன. சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே அக்கருவிகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அதற்கும் மேலான சான்று ஒன்றுண்டு. பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்னும் அமெரிக்கர் அதே ஆண்டில் அதே கண்காட்சிக்கு வந்திருந்த சாவகம், சமோவா, துருக்கி ஆகிய நாட்டு இசைவாணர்களையும் குவாகியூட்டல் என்னும் பழங்குடிப் பாடகர்களையும் நூற்றுக்கு மேற்பட்ட மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அவ்வுருளைகள் அழியாமல் காக்கப்பட்டு இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஆகவே கருவி இல்லை என்பார் கூற்று நில்லாது.

எனினும் கில்மனின் உருளைகளைக் கேட்டார்க்கு வேறோர் உண்மை புலப்படும். பாடகர் குழல்வாய்க்கு மிக அண்மையில் நின்று பாடியும், இரைச்சலுக்கிடையே துரும்புபோல மிதக்கும் ஒலியே எஞ்சியுள்ளது. அக்காலப் பதிவில் மின்சாரத்திற்கு இடமில்லை. பேசுவோரின் மூச்சும் ஒலியும் குழலின் குறுகிய முனையிலுள்ள மென்தகட்டை அதிரச்செய்ய, அதில் பொருத்திய ஊசி மெழுகில் பள்ளமிடும், அவ்வளவே. ஒலிவாங்கி கொண்டு பதியும் முறை 1925ஆம் ஆண்டையொட்டியே வாணிகத்திற்கு வந்தது. கொலம்பசு மண்டபமோ ஆயிரக்கணக்கானோர் நிறைந்திருந்த பேரவை. மேடைமேல் நின்று அவைநோக்கிப் பேசுபவரின் குரலை, முகத்தருகே குழல் இன்றி, மெழுகு எவ்வாறு வாங்கும்? அன்றைய உருளை ஏறத்தாழ இரண்டு நிமிடங்களே, மிஞ்சினால் மூன்று நிமிடங்களே ஓடும். அச்சிலுள்ள முதல்நாள் உரையை நிதானமாகப் படித்தால் மூன்று நிமிடங்களுக்கு மேலாகும். அவை எழுந்து நிமிடக்கணக்கில் கைதட்டியதாகக் கூறப்படும் நேரத்தையும் கூட்டுக. உலவும் பதிவோ இடையீடின்றி, தெளிவாக, அறைக்குள் அமர்ந்து படித்தாற்போல ஒலிக்கிறது.

கருவி பற்றிய இவ்வாதத்தினும் வலிமையுடையது பாடம் பற்றியது. சுவடிப் பதிப்பை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று. ஒரே செய்யுள் இரு ஏடுகளில் எழுத்துக்கு எழுத்து ஒத்து, ஏடெழுதியவரின் பிழைகூட ஒத்திருப்பின், ஒன்றைப் பார்த்தே மற்றொன்று எழுதப்பட்டது என்பது துணிபு. சிகாகோ உரையின் அச்சுப்பாடம் பேரவைத் தலைவர் ஜான் ஹென்றி பரோஸ் 1893இல் வெளியிட்ட இரு தொகுதிகளின் வழியே பரவியது. அது செம்மை செய்யப்பெற்ற பாடம். மேடையில் பேசப்படும் எவ்வுரையும் அப்படியே அச்சேறுவதில்லை. தயக்கம், மீட்டுரைத்தல், அவையோரின் ஆரவாரத்திற்காக நிறுத்திய இடம் ஆகியன பதிப்பாசிரியர் கைபட்டு மறையும். உண்மையான ஒலிப்பதிவு ஒன்று கிடைப்பின் அது அச்சினின்றும் பலவிடங்களில் வேறுபட்டே தீரும். உலவும் பதிவோ அச்சிட்ட நூலைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றிச் செல்கிறது. பேசியவர் நூலைக் கையில் வைத்திருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தகைய தேடல்களைப் பல்கலைக்கழகத்தார் செய்ததினும் ஆர்வலர் செய்ததே மிகுதி. மேரி லூயி பர்க் என்னும் அமெரிக்கப் பெண்மணி இங்கு முதலில் நினைக்கத்தக்கவர். அவர் பேராசிரியர் அல்லர். வேதாந்த சங்கத்தின் அன்பர். சுவாமிகள் உரையாற்றிய நகரங்களின் பழைய நாளிதழ்களைத் தேடித் தொகுப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1958இல் வெளிவந்த அவரது நூல், பின்னர் ஆறு தொகுதிகளாக விரிந்தது. எந்நாளில் எந்த அரங்கில் என்ன பேசினார், செய்தியாளர் என்ன எழுதினர், எதைத் திரித்தனர் என்பனவெல்லாம் அத்தொகுதிகளில் உள்ளன. இத்துணை நுணுகித் தேடியும் பேரவையின் குரற்பதிவு வெளிப்படவில்லை. பக்தியுடைய ஒருவரே தம் விருப்பத்திற்கு இடங்கொடாமல் சான்றின் பின்னே சென்றார் என்பதே அவர்பால் மதிப்பை மிகுவிக்கிறது.

பழைய இசைத்தட்டுச் சேகரிப்போர் மற்றொரு சாரார். 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் கழகம் இவர்களை ஒன்றுகூட்டியது. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளைப் பட்டியலிட்டு 1994இல் நூலாக்கினார். இவர்கள் முதலில் பார்ப்பது தட்டின் நடுவே ஒட்டிய தாளையன்று. வரிப்பள்ளங்கள் முடியுமிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணை. அவ்வெண்ணும் அதனோடு சேர்ந்த எழுத்தும் பதிந்த வல்லுநரையும் பதிவின் வரிசையையும் காட்டிக்கொடுக்கும். 1902இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜான் பாடலின் இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே உரத்துச் சொல்வதைக் கேட்கலாம். செருக்கன்று அது. தட்டுகள் அச்சாகி வந்தது செருமனியின் ஹனோவர் நகரில். இந்தியப் பாடகர் எவரென அறியாத ஆங்குள்ள தொழிலாளர் தாளில் பெயரெழுத அக்குரலே துணையாயிற்று. எத்துணையோ பெண்பாடகரின் பெயர் இவ்வாறே நமக்கு எஞ்சியது. விவேகானந்தர் பெயரிலுள்ள பதிவில் எண்ணுமில்லை, எழுத்துமில்லை, அறிவிப்புமில்லை. மூலத்தட்டையோ உருளையையோ காட்டியவரும் இலர்.

குரலின் தன்மையைக்கொண்டு முடிவு செய்யலாம் என்பாரும் உளர். நேரில் கேட்டோர் குறிப்புகள் உண்டு. பிரெஞ்சு இசைநாடகப் பாடகி எம்மா கால்வே அக்குரலைச் சீனத்துச் சேகண்டியின் அதிர்வுக்கு ஒப்பிட்டார். வேறு சிலர் செல்லோ என்னும் பெருநரம்பிசைக் கருவியை நினைந்தனர். உவமை அழகியதே. ஆயினும் உவமையை அளவுகோலாக்கி ஒலியை அளத்தல் இயலாது. பெயரை முன்னரே சொல்லிவிட்டு ஒலிபரப்பினால் கம்பீரம் தானே கேட்கத் தொடங்கும். பெயரைச் சொல்லாது ஒலிபரப்பிப் பார்க்க எந்த விழாக்குழுவும் முன்வருவதில்லை.

உண்மையில் அவர் குரல் ஒருமுறை பதியப்பெற்றது. அது சிகாகோவில் அன்று, மைசூரில். 1892இல் விருந்தினராகத் தங்கியிருந்த துறவியின் குரலை மன்னர் சாமராஜேந்திர உடையார் போனோகிராப்பில் பதிந்துவைத்தார் என வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அப்பதிவு அரண்மனையில் இருந்தும் காலப்போக்கில் கேட்கவியலாதவாறு மங்கிவிட்டது என்றும் அதுவே கூறுகிறது. மெழுகு உருளை மீண்டும் மீண்டும் ஒலிக்குந்தோறும் தேயும். வெப்பமும் பூஞ்சணமும் அதற்குப் பகை. மெய்யான குரல் மங்கிவிட, பெயரற்ற வேறொருவர் குரல் தெளிவாக ஒலிக்கிறது.

தமிழுக்கும் இத்தகைய இழப்பு உண்டு. பாரதி உயிரோடிருந்த நாளிலேயே சென்னைக் கடைகளில் இசைத்தட்டு விற்றது. தம் பாடல்களைத் தாமே உரத்துப் பாடிய அக்கவிஞரின் குரலைப் பதிவுசெய்ய எவருக்கும் தோன்றவில்லை. 1921 செப்டம்பரில் அக்குரல் அடங்கியது. நாளை ஒருவர் கரகரத்த ஒலியொன்றைக் கொணர்ந்து பாரதி குரல் என்றால் எத்தனை பேர் எண் கேட்பர்? கவியரங்கம் நடத்துவோர் இவ்வினாவைத் தமக்குள்ளேனும் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

சிகாகோவில் இல்லாதிருந்த ஒன்று பின்னர் சுவாமிகளுக்கு வாய்த்தது. அது கருவியன்று, ஓர் இளைஞர். ஜோசையா ஜான் குட்வின் என்னும் ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளர் 1895 இறுதியில் நியூயார்க்கில் கூலிக்கு அமர்த்தப்பட்டார். சில நாள்களில் கூலி வாங்க மறுத்துவிட்டார். அதுமுதல் பேச்சினூடே தோன்றும் சொற்பெருக்கைக் குறிகளாக வாங்கி, இரவெல்லாம் விழித்து எழுத்தாக்குதலே அவர் தொழிலாயிற்று. 1897இல் சுவாமிகளோடு கொழும்பில் வந்திறங்கினார். பாம்பன், இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம், சென்னை என்று தொடர்ந்த உரைகள் நூலாகக் கிடைப்பது அவர்தம் விரைந்த கையால். முதல்நாள் சிகாகோ உரைக்கு அத்தகைய கை இல்லாமையால்தான் அதன் பாடம் பதிப்பாசிரியர் வழியும் நாளிதழ்கள் வழியும் வரவேண்டியதாயிற்று.

தமிழகத்தின் வெப்பத்தை அவர் உடல் தாங்கவில்லை. உதகமண்டலத்தில் காய்ச்சல் கண்டு 1898 சூன் 2ஆம் நாள் இறந்தார். அகவை முப்பதையும் எட்டவில்லை. செய்தியறிந்த சுவாமிகள் ஆங்கிலத்தில் ஓர் இரங்கற்பா இயற்றி அவர்தம் அன்னைக்கு அனுப்பினார். குட்வினின் கல்லறை உதகையில் புனித தாமஸ் ஆலயத்து இடுகாட்டில் உள்ளது. கல்லில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.