பட்டையிலிருந்து குரோமுக்கு

பாலாற்றங்கரைத் தோல் ஊர்களின் கதையை ஆவாரஞ்செடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, ஆற்று மணலைத் தோண்டினால் ஊறிய தண்ணீர் - ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளின் முதல் மூலதனம் இவைதாம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் வந்தது. பாதி பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போக வழி திறந்தது.

வியாபாரம் முஸ்லிம் வணிகர்களிடம் வளர்ந்தது. 1919இல் வாணியம்பாடியில் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரிக்குப் பின்னால் தோல் பணமும் இருக்கிறது. தொட்டிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத வரலாறும் பாதி பதனிட்ட தோல்தான்.

1973இல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டியது. தொழில் முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் நகர்ந்தது. பட்டைக்கு வாரக்கணக்கில் பிடித்த வேலையைக் குரோமியம் சில நாளில் முடித்தது. அந்த அவசரத்தின் கணக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாயிற்று: சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத்தொட்டி உடைந்து 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் தீர்ப்பு எழுத நேர்ந்தது.

திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு டி. செல்வராஜின் 'தோல்' நாவல் வாய்த்தது. பாலாற்றங்கரைக்குத் தீர்ப்புகள் வாய்த்தன. சுண்ணாம்பில் வெந்த கால்களைத் தீர்ப்பு எழுதாது. அது நம் வேலை.