செயல்சார் வயிற்றுவலி, குழந்தைகளில்

குடலிலோ இரைப்பையிலோ புண், அழற்சி, அடைப்பு முதலிய உறுப்புக் கேடு எதுவும் காணப்படாத நிலையிலும், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து குழந்தையின் படிப்பையும் விளையாட்டையும் குலைக்கும் வலி செயல்சார் வயிற்றுவலி எனப்படும்.

இதனை முறையாக ஆராய்ந்த முன்னோடி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி ஆவார். அவரும் நெய்ஷ் என்பவரும் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட கள ஆய்வு, மூன்று மாதங்களுக்குக் குறையாத காலத்தில் மூன்று முறையேனும் அன்றாடச் செயல்களைத் தடுக்கும் அளவுக்கு வந்த வலியை ‘மீள்வரு வயிற்றுவலி’ என வரையறுத்தது. ஏறத்தாழ ஒன்பது குழந்தைகளில் ஒருவருக்கு அவ்வலி இருந்ததையும், அவர்களின் பெற்றோரிடமும் உடன்பிறந்தோரிடமும் இத்தகைய முறையீடுகள் மிகுந்திருந்ததையும் அவ்வாய்வு காட்டிற்று. வலி தொப்புளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு உறுப்புக் கோளாறை ஐயுற வேண்டும் என்ற ஆப்லியின் விதி, விலக்குகள் உடையதாயினும், மருத்துவ மாணவருக்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது.

ஆப்லியின் வரையறை வலியின் வகைகளைப் பிரித்துக் காட்டவில்லை. அக்குறையை நிறைத்தவை, வல்லுநர் குழுக்கள் வகுத்த ரோம் அளவுகோல்கள். அவற்றுள் 1999-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலேயே குழந்தைகளுக்கான பகுதி முதன்முதலில் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு, மேல்வயிற்றில் வலியோ எரிச்சலோ விரைந்த நிறைவுணர்வோ தரும் செயல்சார் செரிமானமின்மை, மலப்போக்கின் மாற்றத்தோடு வலி இணைந்து வரும் எரிச்சல் குடல் நோய், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கடும் வலியும் குமட்டலும் வெளிறலும் தோன்றி இடையே முழு நலம் திரும்பும் வயிற்று ஒற்றைத்தலைவலி, இவற்றுள் அடங்காத பிற வலி என நான்காகப் பகுக்கிறது. தக்க மருத்துவ மதிப்பீட்டுக்குப் பின் வேறு காரணம் கூற இயலாவிடில் நோயை உறுதிசெய்யலாம் என்றும் அது கூறுவதால், குழந்தையை ஓயாத சோதனைகளுக்கு உட்படுத்தத் தேவையில்லாமற் போயிற்று. இம்மாற்றம் பெரிதும் வரவேற்கத்தக்கது.

வலி மெய்யானது, அதை நடிப்பென்று கடிந்துகொள்வது பெருந்தவறு. குடல் நரம்புகளுக்கும் மூளைக்கும் இடையிலான செய்தித் தொடர்பு பிறழ்வதால், உணவோ வாயுவோ குடலை இயல்பாக விரிப்பதையும் குழந்தை வலியாக உணர்கிறது. குடல் தொற்றுக்குப் பின்னும் மன அழுத்தத்திலும் இது மிகும்.

எடை குறைதல், வளர்ச்சித் தேக்கம், மலத்தில் குருதி, பச்சை நிற வாந்தி, விடாத காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை இருப்பின் உறுப்பு நோயைத் தேட வேண்டும். பெற்றோருக்கு நோயை விளக்குதல், பள்ளி செல்வதைத் தொடரச் செய்தல், அறிதல்-நடத்தைச் சிகிச்சை, குடல்சார் அறிதுயில் ஆகியவை இன்று செயல்சார் வலிக்குக் கையாளப்படுகின்றன. மருந்துகளின் பயன் குறைவே.