பூசணத்தில் பிறந்த மாத்திரை

1893. இத்தாலியில் பார்தொலோமியோ கோசியோ என்ற மருத்துவர் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மக்காச்சோளமே கதியென்று கிடந்த ஏழை விவசாயிகளைப் பெலாக்ரா நோய் வாட்டிய காலம். கெட்டுப்போன சோளம்தான் காரணமோ என்ற சந்தேகம் அன்று பலருக்கும் இருந்தது. அந்தப் பூசணத்திலிருந்து அவர் ஓர் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஆந்த்ராக்ஸ் கிருமி வளர்வதை அது தடுப்பதையும் கண்டார். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. ஆனால் கோசியோவின் அமிலத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமெரிக்காவில் அதை மறுபடி பிரித்தெடுத்து, மைக்கோஃபினாலிக் அமிலம் என்று பெயர் சூட்டினார்கள். அதன் பிறகும் அது மருந்தாகவில்லை.

அதை மருந்தாக்கியவர் ஆந்தனி அலிசன். அரிவாள் செல் மரபணு மலேரியாவிலிருந்து காப்பதை நிறுவிய அதே விஞ்ஞானி. பிறவியிலேயே சில நொதிகள் இல்லாத குழந்தைகளின் எதிர்ப்பாற்றலை ஒப்பிட்டபோது அவருக்கு ஒன்று பிடிபட்டது. உடலின் மற்ற செல்கள் டி.என்.ஏ.வின் ஓர் அங்கமான குவானினைப் பழையதிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்திச் சமாளித்துவிடும். பெருகத் தொடங்கும் எதிர்ப்பாற்றல் செல்களான லிம்ஃபோசைட்டுகளோ அதைப் புதிதாகத் தயாரித்தே ஆக வேண்டும். மைக்கோஃபினாலிக் அமிலம் அந்தத் தயாரிப்பைத்தான் முடக்குகிறது. கலிஃபோர்னியாவின் சின்டெக்ஸ் நிறுவனத்தில் அவரும் எல்ஸி யூகுயும் இந்த வழியில் உழைத்தார்கள். உடல் நன்றாக உறிஞ்சும் வடிவமான மைக்கோஃபினோலேட் பிறந்தது. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தாக 1995இல் அமெரிக்கா அனுமதித்தது.

இதே மருந்து பின்னர் லூபஸ் என்ற நோய்க்கும் கைகொடுத்தது. அந்த நோயில் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஊசிதான் கதி என்ற நிலை நெடுங்காலம் இருந்தது; குழந்தைப்பேற்றையே அது பறித்துவிடக்கூடும். 2009இல் 370 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில் மைக்கோஃபினோலேட் அந்த ஊசிக்கு ஈடாக நின்றது. இளம்பெண்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனாலும் கருவுற்றவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது; சிசுவுக்கு ஊனம் நேரலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி அசாதயோப்ரினுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியோர மீனவக் குப்பங்களில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்தால்? பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. போய்வந்தால் அன்றைய வருமானம் போச்சு. காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று 500 மில்லிகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்தால் மாதத்துக்கு 120 மாத்திரை. பத்து மாத்திரை அட்டையாகப் பன்னிரண்டு. இடையிடையே வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்தாக வேண்டும்.

ஏரித் தொழிலும் இந்த நோயும் ஒத்துப்போவதில்லை. வெயில் பட்டால் லூபஸ் கிளம்பும். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும், கரையில் மீன் தரம் பிரிப்பவர்களுக்கும் நிழல் ஏது? சேற்றில் கிளிஞ்சல் கிழித்த சின்னக் காயம்கூட, எதிர்ப்பாற்றலைத் தணித்து வைத்திருக்கும் உடம்பில் சீழ் பிடித்துவிடக்கூடும். காயமோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, சிறுநீரகப் பாதிப்பால் வந்த கால் வீக்கம் வடிந்ததும் "இனி எதற்கு மாத்திரை?" என்று தாமாகவே நிறுத்திவிடுவது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. லூபஸ் மாத்திரையும் அதே வழியில் குப்பங்களுக்கு வர வேண்டும். ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும். மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, தவறாமல் கையில் சேர்ப்பது அரசின் கடமை.