பாம்புக்கு ஏன் ஊர்ப் பெயர்?

2020 ஜூன், ஊரடங்கு நேரம். இமாச்சலப் பிரதேசம் சம்பா மாவட்டத்தில் ஒரு மாணவர், வீட்டுப் பக்கம் பார்த்த பாம்பைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதைப் பார்த்த பெங்களூர் ஆய்வாளர் ஜீஷான் மிர்சாவுக்குச் சந்தேகம். செதில்களை எண்ணி, டி.என்.ஏ.வை ஒப்பிட்டபின், 2021 டிசம்பரில் புது இனம் என்று அறிவித்தார்கள். பெயர் ஒலிகோடன் சுராஹென்சிஸ். அதாவது சுரா பள்ளத்தாக்குக்காரன்!

கண்டவர் பெயரையே வைத்திருக்கலாமே? வைக்கலாம்தான். ஆனால் ஊர்ப் பெயரில் ஒரு லாபம் உண்டு. நம்மூர்க் கொல்லிமலையைப் பாருங்கள். அரியூர் நாடு உள்ளிட்ட நாடுகள் அடங்கிய அந்த மலையின் சிறிய பல்லி ஒன்று, 1870இல் பெடோம் விவரித்த சேர்வராயன் மலைப் பல்லியின் கணக்கிலேயே கிடந்தது. 2019இல்தான் ஹெமிஃபில்லோடாக்டைலஸ் கொல்லியென்சிஸ் என்று தனிக்கணக்கு பிறந்தது.

இனிக் கொல்லிமலைக் காடு போனால், 'சேர்வராயனில்தான் இருக்கிறதே' என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது.