ஜான் டோனஹியூ

மூளை எழுப்பும் மின்குறிகளைக் கொண்டு கணினியையும் இயந்திரக் கையையும் இயக்கும் ‘பிரெயின்கேட்’ கருவியை உருவாக்கிய அமெரிக்க நரம்பியல் அறிஞர் (பி. 1949). சிறுவயதில் இடுப்பு எலும்பு நோயால் சில காலம் சக்கர நாற்காலியில் இருந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியர்.

குரங்குகளின் இயக்கப் புறணியை (அசைவுகளை ஆளும் மூளைப் பகுதியை) ஆராய்ந்து பெற்ற அறிவை மருத்துவத்துக்குக் கொண்டுவர, 2001-இல் சைபர்கைனெடிக்ஸ் நிறுவனத்தைச் சகாக்களோடு தொடங்கினார். பிரெயின்கேட்டில் 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்றை, ஊசிபோன்ற 96 மின்முனைகளுடன் மூளையின் மேற்பரப்பில் பதிக்கிறார்கள். கையை அசைக்க நினைத்ததும் அருகிலுள்ள நரம்பணுக்கள் துடிக்கின்றன. கணினி அத்துடிப்பின் பாங்கைப் படித்து அசைவாக மாற்றுகிறது. 2004-இல் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஓர் இளைஞருக்கு இது பொருத்தப்பட்டது. நினைத்தே மின்னஞ்சலைத் திறந்தார். முடிவுகள் 2006-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின.

2012-இல் வெளியான ஆய்வுதான் பெரிதும் பேசப்பட்டது. பக்கவாதத்தால் சுமார் 15 ஆண்டுகள் முடங்கியிருந்த பெண், இயந்திரக் கையால் காப்பிப் புட்டியை எடுத்து உறிஞ்சுகுழலில் குடித்தார். ஆறு முயற்சிகளில் நான்கில் வெற்றி. வியப்புதான், ஆனாலும் அன்றைய கருவி மண்டையிலிருந்து கம்பி நீளும் ஆய்வுக்கூடச் சாதனமே, வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருளல்ல. பின்னர் டோனஹியூ ஜெனீவாவின் வைஸ் நரம்புப் பொறியியல் ஆய்வு மையத்துக்கு முதல் இயக்குநரானார்.