இருதயத் தசையின் உயிர்ப்பு: எந்தப் படத்தைக் கொண்டு நிர்ணயிப்பது?

நெல்லியாம்பதி மலையடிவாரத்திலுள்ள கொல்லங்கோட்டு வட்டாரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு நேருமாயின், அவரைப் பாலக்காட்டுக்கோ, எல்லை கடந்து பொள்ளாச்சி வழியே கோயம்புத்தூருக்கோ கொண்டு சேர்ப்பதற்குள் கழியும் நேரமே அவருடைய இருதயத் தசையின் கதியைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. 2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 ஆஸ்பத்திரிகளில் 25,748 நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வில், ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. உயர்வு கண்ட மாரடைப்பு நோயாளிகளுள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல், வலி தொடங்கி 6 மணி நேரம் கடந்த பின்னரே வந்து சேர்ந்தனர் என்பது வெளிப்பட்டது. இவ்விதம் தாமதித்து வந்தவரிடத்திலேதான், அசைவற்றுக் கிடக்கும் தசை மாண்டுபோயிற்றா, அன்றி ஜீவனை ஒடுக்கிக்கொண்டு காத்திருக்கிறதா என்னும் கேள்வி கூர்மையடைகிறது.

அடைப்பு நீங்கிய பின்னும் சில நாட்களோ வாரங்களோ செயலற்றிருந்து தானே மீளும் தசையின் ஸ்தம்பித நிலையை 1982இல் பிரான்வால்டும் க்லோனரும் விளக்கினர். இரத்த ஓட்டக் குறைவுக்கேற்பத் தன் வேலையைச் சுருக்கிக்கொண்டு உறங்கும் தசையைப் பற்றிய கருத்தை நிலைநாட்டியவர், பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹீம்தூலா.

தசையின் உயிர்ப்பைக் கண்டறியும் பரிசோதனைகளுள் எது சிறந்தது என்று பொதுப்படக் கேட்பது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் அவை ஒரே பொருளை அளப்பவை அல்ல. தாலியம் ஸ்கேன் உயிரணுவின் சவ்வு பழுதின்றி இருப்பதையும், பெட் ஸ்கேன் அது குளுக்கோஸை உட்கொள்வதையும், குறைந்த அளவு டோபுட்டமின் செலுத்திப் பார்க்கும் எக்கோ அது தூண்டினால் சுருங்குவதையும், கடோலினியம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. இறந்த பகுதியின் தழும்பையும் காட்டுகின்றன. சவ்வு பழுதின்றி இருந்தும், சுருங்கும் இழைகள் சிதைந்த உயிரணுக்கள் உண்டாதலால், தாலியம், பெட் ஆகிய அணு ஸ்கேன்கள் உயிர்ப்பைத் தவறவிடுவது குறைவாகவும், எக்கோ மீட்சியை முன்னறிவதில் கூடுதல் உறுதியுடையதாகவும் அமைகின்றன. பெட் ஸ்கேனோ, நீரிழிவு மலிந்த நம் நாட்டில், இன்சுலினைக் கவனமாகச் சரிசெய்தாலன்றித் தெளிவான படம் தராது.

இவற்றுள் எம்.ஆர்.ஐ. தழும்பின் ஆழத்தையே அளந்து காட்டுவது விசேஷமானது. கிம் முதலியோர் 50 நோயாளிகளிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரத்த ஓட்டத்தைச் சீராக்கிய பின், செயல் குன்றியிருந்த தசைப்பகுதிகளுள் தழும்பே இல்லாத 329இல் 256 மீண்டும் நன்கு சுருங்கின. சுவரின் முக்காற்பங்குக்கு மேல் தழும்பேறிய 58இல் மீண்டது ஒன்றே ஒன்று. எனினும் பாதியளவு தழும்பேறிய பகுதிகளைக் குறித்து எம்.ஆர்.ஐ.யும் தெளிந்த தீர்ப்பு வழங்குவதில்லை என்பதை மறத்தலாகாது.

படம் சரியாயிருப்பதும் அதனால் நோயாளி பிழைப்பதும் வேறு வேறு விஷயங்கள். 3,088 பேரைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஆல்மன் குழுவினர் வெளியிட்ட கணக்கின்படி, உயிர்ப்புடைய தசை இருந்தோருள் ஆண்டு மரணம் மருந்து மட்டும் பெற்றவர்களிடத்தில் நூற்றுக்கு 16, இரத்த ஓட்டத்தைச் சீராக்கிக்கொண்டவர்களிடத்தில் 3.2. ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அவ்வாய்வுகளில் மருத்துவரே தேர்ந்தமையால், திடகாத்திரமானவர்களே அறுவைக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடும். சிகிச்சையைக் குலுக்கல் முறையில் பங்கிட்ட ஸ்டிச் ஆய்வில், 601 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான முடிவு, உயிர்ப்பு உள்ளோருக்கு பைபாஸ் தனிப்பட நன்மை பயக்கும் என்பதை நிறுவவில்லை. அதில் உயிர்ப்பற்றோர் 114 பேரே. பெட் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் சேர்க்கப்படவுமில்லை. ஆகவே அது இப்பரிசோதனைகளைப் பயனற்றவையாக்கிற்று எனக் கொள்ளேன். உயிர்ப்பில்லை என்ற ஒரே காரணத்தால் அறுவையை மறுத்தல் தகாது என்பதை மட்டும் அது வலியுறுத்துகிறது.

ஆகையால் கொல்லங்கோட்டிலிருந்து வருபவருக்கு, முதல் வாரத்து எக்கோவில் கண்ட மந்தத்தையே இறுதியென்று கொள்ளாமல், நிலைமை இடங்கொடுக்குமாயின் சில வாரங்கள் கழித்து அதையே மீண்டும் பார்த்து, அப்போதும் சுவர் அசையாவிடில் டோபுட்டமின் கொடுத்துச் சோதிப்பதே முறை. இடது பிரதான நாளத்தில் கடும் அடைப்போ, மருந்துக்கு அடங்காத நெஞ்சுவலியோ உடையவருக்குப் பொதுவாக உயிர்ப்புச் சோதனைக்காகக் காத்திராமலே இரத்த ஓட்டத்தைச் சீராக்குவதைப் பற்றி முடிவெடுக்கலாம். அறுவையின் அபாயம் மிகுந்து, செய்வதா விடுவதா என்று மருத்துவர் உண்மையிலேயே தயங்கும் நோயாளிக்கு, கடோலினியம் செலுத்தச் சிறுநீரகம் இடந்தருமாயின், எம்.ஆர்.ஐ.க்காகும் பொருளும் பிரயாணமும் தகும்.